இரும்பை ஒதுக்கலாமா?

பழம்பொருள் தேடுவதற்கான மெட்டல் டிடெக்டரில் திருகவும் அழுத்தவும் பல அமைப்புகள் உண்டு. அவற்றில் தேடலின் முடிவையே மாற்றக்கூடியது டிஸ்கிரிமினேஷன், அதாவது இரும்பிலிருந்து வரும் ஒலியை அடக்கிவிடும் அமைப்பு. துருப்பிடித்த ஆணிக்காகக் குழி தோண்டி அலுத்தவர்கள் அதை உயர்த்தி வைக்கச் சொல்கிறார்கள். கடற்கரையில் மோதிரம் தேடுபவருக்கு அது சரிதான். பழைய போர்க்களத்தில் வரலாற்றைத் தேடுபவருக்கும் அதே யோசனையைச் சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கருவி மண்ணுக்குள் பார்ப்பதில்லை. அதன் காயில் (கம்பிச்சுருள்) உண்டாக்கும் காந்தப்புலம் புதைந்த உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. திரும்பிவரும் சமிக்ஞை எவ்வளவு பின்தங்குகிறது என்பதை வைத்துக் கருவி உலோகத்தை ஊகிக்கிறது. அந்த ஊகம் அடிக்கடி தவறும். தட்டையான துருத் தகடும் இரும்பு வளையமும் வெள்ளியைப் போல ஒலிப்பதுண்டு. நாணயத்தை ஒட்டி ஓர் ஆணி கிடந்தால், ஆணியை அடக்கும்போது நாணயத்தின் ஒலியும் சேர்ந்து அடங்கிவிடலாம். ஆக, இரும்பு வேண்டாம் என்பவரும் இந்த அமைப்பால் நல்ல உலோகத்தை இழக்கிறார்.

இதைவிடப் பெரிய இழப்பு வேறு. ஸ்பெயினின் ஹாயென் மாகாணத்தில் பேக்குலா போர்க்களம் இருக்கிறது. கி.மு. 208இல் சிப்பியோவின் ரோமப்படை அங்கே ஹஸ்த்ருபாலின் கார்த்தேஜ் படையோடு மோதியது. ரோம வீரர்களின் காலணி அடியில் அடித்திருந்த சின்னஞ்சிறு இரும்பு ஆணிகள் நடையில் கழன்று விழுந்திருந்தன. ஆய்வாளர்கள் டிடெக்டரால் அவற்றைத் தேடியெடுத்து, கிடைத்த இடங்களை வரைபடத்தில் குறித்தபோது, ரோமர்கள் எந்தச் சரிவில் ஏறிச் சென்றார்கள் என்பது தெரிந்தது. இரும்பை அடக்கிய கருவிக்கு அந்த ஆணிகள் வெறும் குப்பை. அதை வைத்துத் தேடியிருந்தால் களம் கிடைத்திருக்கும். படை நடந்த வழி கிடைத்திருக்காது.

ஜெர்மனியின் கால்க்ரீசவும் இதையே சொல்கிறது. கி.பி. 9இல் ரோமத் தளபதி வாருஸின் மூன்று லீஜியன்கள் (படைப்பிரிவுகள்) ஜெர்மானியர்களிடம் அழிந்த களமாகப் பல ஆய்வாளர்கள் கருதும் இடம் அது. 1987இல் தேடத் தொடங்கிய டோனி கிளன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி அங்கே டிடெக்டரால் ரோம வெள்ளி நாணயங்களையும் கவண் ஈயக் குண்டுகளையும் கண்டெடுத்தார். பிறகு நடந்த அகழாய்வில் கிடைத்த பொருள்களில் புகழ்பெற்றது குதிரைவீரன் ஒருவனின் முகக்கவசம். அது இரும்பு. அதன் மேல் போர்த்தியிருந்த வெள்ளித் தகட்டை வென்றவர்கள் அறுத்தெடுத்துக்கொண்டார்கள். போர் முடிந்ததும் விலையுள்ள உலோகம் கொள்ளை போகும்; மலிவான உலோகம் களத்திலேயே தங்கும். நம் கருவியிலும் இரும்பை அடக்கினால், அந்தக் கொள்ளைக்காரர்கள் விட்டுச்சென்ற மிச்சத்தையும் நாமே தவறவிடுகிறோம்.

எதிர்வாதத்திலும் நியாயம் இருக்கிறது. 1642இல் இங்கிலாந்தின் எட்ஜ்ஹில்லில் நடந்த போரைத் தொல்லியலாளர் கிளென் ஃபோர்டின் குழு ஈயத் துப்பாக்கிக் குண்டுகளின் பரவலைக் கொண்டே ஆராய்ந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குண்டுகள் கிடைத்தன. நூற்றாண்டுகளாக உழப்பட்ட நிலத்தில் லாட ஆணியும் கலப்பைத் துண்டும் எங்கும் கிடக்கும். எல்லாவற்றையும் தோண்டினால் ஒரு வயலை முடிப்பதற்குள் பருவமே போய்விடும். துப்பாக்கிப் போரின் தடயம் ஈயம்தான் என்று உறுதியாகத் தெரிந்த களத்தில், பரந்த நிலத்தை முதல் சுற்றாக அளந்துவிட இரும்பை ஒதுக்குவதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சுற்றின் முடிவை வைத்து அம்புகள், லாடங்கள், காலணிகள் பற்றி ஒரு வார்த்தையும் பேசக்கூடாது.

மற்ற அமைப்புகளுக்கு இத்தனை விவாதம் தேவையில்லை. சென்சிடிவிட்டியை (உணர்திறனை) உச்சத்தில் வைத்தால் ஆழம் கூடும் என்பது பாதி உண்மை; கருவி இடைவிடாமல் இரைந்தால் மெல்லிய நல்ல ஒலி அதில் மூழ்கிவிடும். இரைச்சல் அடங்கும் வரை குறைத்துக்கொள்வதே மேல். இரும்புத் தாது மிகுந்த மண்ணில் மண்ணின் சமிக்ஞையை ஈடுகட்டும் கிரவுண்ட் பேலன்ஸை இடத்துக்கு இடம் சரிசெய்ய வேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போர்ப் பொருள்கள் தேடுவோர் வர்ஜீனியாவின் கல்பெப்பர் செம்மண்ணில், தாதுக்களால் அதிகம் குழம்பாத பல்ஸ் இண்டக்‌ஷன் கருவிக்கு மாறியதற்குக் காரணம் இந்த மண்தான். ஆணிகள் நெருங்கிக் கிடக்கும் இடத்தில் சிறிய காயிலும், ஓர் ஒலியிலிருந்து அடுத்ததற்கு வேகமாக மீளும் அமைப்பும் பயன்படும்.

என் தீர்ப்பு இது. வரலாற்றுக் களத்தில் டிஸ்கிரிமினேஷனைப் பூஜ்யத்தில் வைத்தே தொடங்க வேண்டும். இன்றைய பல கருவிகள் இரும்புக்குத் தாழ்ந்த ஒலியும் பிற உலோகங்களுக்கு உயர்ந்த ஒலியும் தருகின்றன. தரம் பிரிக்கும் வேலையைக் காதே செய்துவிடும். நேரத்தைக் காரணம் காட்டி இரும்பை ஒதுக்குபவர், களத்தின் ஒரு சிறு பகுதியிலாவது எல்லா ஒலிகளையும் தோண்டிப் பார்த்து, தாம் எதை விட்டுவைக்கிறோம் என்று அளந்தாக வேண்டும்.

எல்லா ஒலிகளையும் இடம் குறித்து எடுப்பதற்கு, அமெரிக்க ராணுவமும் பூர்வகுடிகளும் மோதிய லிட்டில் பிக்ஹார்ன் களத்தின் ஆய்வு நல்ல முன்மாதிரி. 1983இல் பரவிய தீயில் புல் எரிந்து நிலம் வெளிப்பட்டதும், தொல்லியலாளர்கள் டக்ளஸ் ஸ்காட்டும் ரிச்சர்ட் ஃபாக்ஸும் தன்னார்வலர்களை வரிசையாக நடக்கவைத்துத் தேடினார்கள். ஒலித்த இடங்களில் கொடி நட்டு, பொருள் கிடந்த இடத்தை அளந்த பிறகே எடுத்தார்கள். தோட்டா உறைகளோடு இரும்பு அம்புமுனைகளும் வந்தன. உறைகளில் பதிந்த தடங்களைக் கொண்டு, ஒரே துப்பாக்கி களத்தில் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று பின்தொடர முடிந்தது. இடம் குறிக்காமல் எடுத்திருந்தால் அவை அலமாரியில் வைக்கும் உலோகத் துண்டுகள்தான்.

எனவே ஆய்வறிக்கைகளில் பொருள்களின் பட்டியலோடு கருவியின் அமைப்புகளையும் அச்சிட வேண்டும்: எந்தக் காயில், டிஸ்கிரிமினேஷன் எவ்வளவு, நடந்த வரிசைகளுக்கிடையே இடைவெளி என்ன, அன்று மண் ஈரமா காய்ந்ததா. இவை இல்லாத அறிக்கையில் ‘அம்புமுனை கிடைக்கவில்லை’ என்ற வரியை அங்கே வில்வீரர்கள் இல்லை என்பதற்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது.