350 மில்லிமீட்டர் சொர்க்கம்

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் அன்பர்களே, டயருக்குச் செலவழித்தீர்கள், சைலன்சருக்குச் செலவழித்தீர்கள், ஸ்பிரிங்குக்கும் ஷாக் அப்சார்பருக்கும் கணக்குப் பார்க்காமல் கொட்டினீர்கள். காரில் ஏறியது முதல் இறங்கும்வரை உங்கள் கை பிடித்திருப்பது எதை? அந்த ஸ்டீயரிங்குக்கு என்ன செய்தீர்கள்? ஒன்றும் செய்யவில்லை என்றால் மேலே படியுங்கள். பிறகு ஆகும் செலவுக்கு நான் பொறுப்பில்லை.

என்னுடையது யூனோஸ் ரோட்ஸ்டர். மாஸ்டா எம்எக்ஸ்-5 முதல் தலைமுறைக் காருக்கு ஜப்பானில் வைத்த பெயர் அது. 1989இல் அறிமுகமான வண்டி. 1.6 லிட்டர் எஞ்சின், 940 கிலோ எடை, இரண்டே இருக்கை. ஜப்பானிலும் இங்கிலாந்திலும் வலப்பக்க ஸ்டீயரிங் என்பதால் பழைய யூனோஸ்கள் ஏராளமாகக் கப்பலேறி இங்கிலாந்து வந்திருக்கின்றன. அதில் ஒன்று என்னிடம் வந்து சேர்ந்தது. பவர் ஸ்டீயரிங் கிடையாது. முன்சக்கரத்துக்கு அடியில் நடப்பதையெல்லாம் கைக்குச் சொல்லிக்கொண்டே வரும் கார். அந்தச் சேதி வந்து சேரும் இடம் மட்டும் மட்டமான பிளாஸ்டிக். வெயிலில் வழுக்கும், குளிரில் விறைக்கும். காய்ந்த முருங்கைக்காயைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவது போலிருக்கும்!

இந்தக் காரின் ஸ்டீயரிங்கை மேலே தூக்கவும் முடியாது, நம் பக்கம் இழுக்கவும் முடியாது. தொழிற்சாலையில் வைத்த இடம்தான். நானோ நெட்டை. காலுக்கு வசதியாக சீட்டைப் பின்னால் தள்ளினால் கை எட்டாது. கைக்காக முன்னால் வந்தால் தொடை இடிக்கும். இந்த இரண்டு தொல்லைக்கும் ஒரே மருந்து, வேறு ஸ்டீயரிங் மாட்டுவது என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றே அளவுதான் பார்க்க வேண்டும். முதலில் விட்டம். வளையம் சிறியதானால் தொடைக்கு இடம் கிடைக்கும், கையை லேசாக அசைத்தாலே கார் திரும்பும். ஆனால் கைக்கு வேலை கூடும். 380 மில்லிமீட்டரிலிருந்து 350க்கு இறங்கினால் எட்டு, ஒன்பது சதவீதம் அதிக பலம் கொடுத்துத் திருப்ப வேண்டும். 320க்குப் போனால் பார்க்கிங்கில் வியர்த்துக் கொட்டும், வளையத்தின் மேல்பகுதி ஸ்பீடோமீட்டரையும் மறைக்கலாம். அடுத்தது குழிவு. நடுப்பகுதியிலிருந்து வளையம் நம் பக்கம் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்ற கணக்கு அது. முதுகை சீட்டில் நன்றாகச் சாய்த்து, கையை நீட்டி, மணிக்கட்டை வளையத்தின் உச்சியில் வையுங்கள். தோள் சீட்டைவிட்டு எழும்பாமல் மணிக்கட்டு அங்கே உட்கார்ந்தால் தூரம் சரி. மூன்றாவது, வளையத்தின் பருமன். இதை எந்தப் படத்திலும் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. கை பிடித்துத்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே கார்க்காரர்கள் கூடும் இடமெல்லாம் போய், வெட்கத்தை விட்டு, “கொஞ்சம் பிடித்துப் பார்க்கட்டுமா?” என்று கேட்டேன். ஒருவர்கூட மறுக்கவில்லை. கதவைத் திறந்துவிட்டு, பக்கத்தில் நின்று, அது எந்த வருஷத்துச் சரக்கு என்பதுவரை சொன்னார்கள்.

நார்டி கிளாசிக் மர ஸ்டீயரிங் முதலில் என் மனதைக் கெடுத்தது. என்ஸோ ஃபெராரியோடு வேலை பார்த்த என்ரிகோ நார்டி தொடங்கிய இத்தாலியக் கம்பெனி. 1990இல் யூனோஸின் ‘வி-ஸ்பெஷல்’ வந்தபோது, கரும்பச்சை வண்ணத்துக்கும் பழுப்புத் தோல் இருக்கைக்கும் பொருத்தமாக மாஸ்டாவே நார்டி மர ஸ்டீயரிங் போட்டுக் கொடுத்தது. அழகில் அதை அடிக்க ஆளில்லை. என் உள்ளங்கை சீக்கிரம் வியர்க்கும்; வார்னிஷ் போட்ட மரம் அதற்குத் தோதுப்படாது. ஸ்வேட் போட்டவை பந்தயக் கையுறைக்கு அருமை. வெறுங்கையில் தினமும் ஓட்டினால் எண்ணெய் ஏறி மினுங்கிப்போகும்.

பிறகு மோமோ ப்ரோட்டோடீப்போவைப் பிடித்தேன். அவ்வளவுதான், தேடல் முடிந்தது! விட்டம் 350, குழிவு ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர், கறுப்புத் தோல், துளையிட்ட மூன்று அலுமினிய ஸ்போக்குகள். ஒன்பது மணி, மூன்று மணி நிலையில் கை வைத்தால் கட்டைவிரல் ஸ்போக்கின் மேல் தானாகப் போய் உட்கார்கிறது. உள்விளிம்பில் ஓடும் தையலை விரல்நுனி தடவிக்கொண்டே இருக்கிறது. மோமோவைத் தொடங்கிய ஜான்பியெரோ மொரெட்டி பந்தய ஓட்டுநர். தன் காருக்காகக் கொஞ்சம் தடித்த பிடியோடு செய்துகொண்ட ஸ்டீயரிங்கில்தான் எல்லாம் ஆரம்பித்தது. 1964இல் ஃபெராரியில் உலகச் சாம்பியனான ஜான் சர்ட்டீஸ் பிடித்ததும் மோமோ ஸ்டீயரிங்தான். மொரெட்டி வியாபாரத்தோடு நின்றவரும் இல்லை. 1998இல் ஃபெராரி 333 எஸ்பி காரில் டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற அணியில் அவரும் ஒருவர். ஓட்டத் தெரிந்தவன் செய்த சாமான் என்பது பிடித்த மறுகணமே கைக்குத் தெரிந்துவிடுகிறது!

வாங்கும்போது இரண்டு விஷயத்தில் உஷார். ஸ்டீயரிங்கையும் தண்டையும் இணைக்கும் ‘பாஸ்’ உங்கள் காருக்கானதாக இருக்க வேண்டும். மோமோவின் ஆறு துளைகள் 70 மில்லிமீட்டர் வட்டத்தில் இருக்கும், நார்டியின் துளைகள் 74இல். இரண்டு வரிசையும் போட்ட பாஸ் வாங்கினால் பின்னால் மனம் மாறினாலும் கவலையில்லை. பாஸின் நீளமும் கைத்தூரக் கணக்கில் சேரும். இன்னொன்று, சந்தையில் போலிகள் கொட்டிக் கிடக்கின்றன. மோதலில் நெஞ்சுக்கு நேராக இருக்கும் பொருளில் சிக்கனம் வேண்டாம். அசல் மோமோவின் ஸ்போக்கில் ஜெர்மன் அங்கீகார எண், கேபிஏ என்ற எழுத்துகளோடு பொறித்திருக்கும்.

மாட்டுவது ஒரு சனிக்கிழமை வேலை, அதுவும் சுகமான வேலை. பேட்டரி வயரைக் கழற்று, சக்கரங்களை நேராக்கு, தண்டில் ஒரு கோடு போட்டுக்கொள். நடு நட்டைத் தளர்த்து, ஆனால் முழுசாக எடுத்துவிடாதே! பழைய ஸ்டீயரிங் தண்டின் பற்களைக் கவ்விக்கொண்டு வர மறுக்கும். ஆட்டி இழுக்கும்போது திடீரென்று விடும். நட்டு அங்கே இருந்தால் அதில் வந்து முட்டும், இல்லாவிட்டால் உன் மூக்கில். பிறகு பாஸ், ஹாரன் வயர், ஆறு திருகுகள். திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி, நடு நட்டை டார்க் ரெஞ்சால் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். இண்டிகேட்டர் தானாக அணைகிறதா, ஹாரன் அடிக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே கிளம்பலாம்.

நான் கிளம்பியது மாக்கிள்ஸ்ஃபீல்டுக்கும் பக்ஸ்டனுக்கும் நடுவே மலைமேல் வளைந்து போகும் ஏ537 சாலைக்கு. ‘கேட் அண்ட் ஃபிடில்’ என்று அழைக்கப்படும் இந்தச் சாலை இங்கே கார்ப் பைத்தியங்களுக்குத் தெரியாமலிருக்காது. வேக வரம்பு 50 மைல், சராசரி வேகம் பார்க்கும் கேமரா வேறு. பரவாயில்லை, அந்த வேகத்திலேயே திருவிழா! சாலை நடுவே பதித்த கண்ணாடிக் குமிழ்கள் மேல் டயர் ஏறினால் ஒவ்வொன்றும் உள்ளங்கையில் தட்டுகிறது. வெள்ளைக்கோட்டின் வழவழப்பு கைக்கு வருகிறது. ஈரமான வளைவில் முன் டயர் பிடியை இழக்கத் தொடங்கும்முன் ஸ்டீயரிங் கனம் குறைவதைப் பழைய வளையத்தில் ஊகித்துக்கொண்டிருந்தேன். இப்போது விரலே சொல்கிறது, “போதும், காலை எடு” என்று. தோள் சீட்டில், முழங்கை மடங்கி, தொடைக்கும் வளையத்துக்கும் நடுவே தாராளமாக இடம். அதே எஞ்சின், அதே டயர், ஆனால் கார் எனக்கென்று அளவெடுத்துத் தைத்ததாகிவிட்டது.

என் காரில் ஏர்பேக் கிடையாது, அதனால் மனச்சாட்சி உறுத்தவில்லை. ஏர்பேக்கோடு வந்த காரில் அதைக் கழற்றிவிட்டுப் போடாதீர்கள். உயிர் காக்கும் பொருள் அது, கழற்றினால் இங்கிலாந்தின் வருடாந்தர எம்ஓடி சோதனையிலும் கார் தேறாது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் மாற்றத்தைச் சொல்லிவிடுங்கள். பார்க்கிங்கில் வண்டியை நிறுத்தியபடி திருப்பாமல் மெல்ல உருளவிட்டுத் திருப்பினால் சின்ன வளையமும் கனக்காது.

குதிரைசக்தி கூட்ட ஆயிரம் வழி இருக்கிறது. அதை அனுபவிக்கக் காலியான சாலை வேண்டும், காலை முழுசாக அழுத்த வேண்டும். பால் வாங்கப் போகும் தெருவிலும் சந்தோஷம் தருவது இந்த வளையம் ஒன்றுதான். சமீபத்தில் வி-ஸ்பெஷலின் நார்டி மர கியர் குமிழ் ஒன்று விற்பனைக்கு வந்திருப்பது கண்ணில் பட்டிருக்கிறது. விலையைக் கேட்காதீர்கள், பயத்தில் நானே இன்னும் கேட்கவில்லை.