இணையவழிக் கல்விச் சேவைகளும் மாணவர் விவரங்களும்

ஒரு நூலை ஆராயப் புகுவார் அதன் பாயிரத்தை முன்னர் நோக்குதல் நம்மவர் மரபு. ஆக்கியோன் யார், நுதலிய பொருள் யாது, கேட்டற்குரியார் யாவர், அதனால் வரும் பயன் யாது என்பவற்றை அறியாது நூலுட் புகுதல் தகாதென்பது இலக்கண நூலார் துணிபு. இக்காலத்தில் இணையவழியே கல்வி புகட்டும் நிறுவனங்களும் தத்தம் வாயிலில் ஒரு பாயிரத்தை நிறுத்தியுள்ளன. தனியுரிமை அறிவிப்பு என்பது அதன் பெயர். மாணவரின் எவ்வெவ் விவரங்கள் பெறப்படும், அவை எதற்குப் பயன்படும், எவரிடஞ் செல்லும், எத்துணைக் காலம் வைக்கப்படும் என்பவற்றை அது தெரிவித்தல் வேண்டும். அப்பாயிரம் தன் கடமையைச் செய்கின்றதா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்காட்டாக ஐக்கிய அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டில் தோன்றிய எட்மோடோ என்னும் சேவை ஈண்டுக் கொள்ளப்படுகின்றது.

முதற்கண் குக்கீ எனப்படுவது யாதென அறிதல் நன்று. இணையத்திற் பக்கங்களை அனுப்பும் முறைக்கு இயல்பாக நினைவாற்றல் இல்லை. ஒரு பக்கத்தைக் கேட்டவரே மறுகணம் மற்றொன்றைக் கேட்பினும் அவரைப் புதியவராகவே அது கொள்ளும். இக்குறையை நீக்கும் பொருட்டு 1994ஆம் ஆண்டில் நெற்ஸ்கேப் நிறுவனத்தைச் சேர்ந்த லூ மொன்ருலி என்பார் ஒரு வழி கண்டார். சேவையகம் ஒரு சிறு குறிப்பை நமது கணினிக்கு அனுப்பும்; உலாவி அதனைச் சேமித்து வைத்து, மறுமுறை அச்சேவையகத்தை அணுகும்போது திருப்பிக் காட்டும். அக்குறிப்பே குக்கீ. மாணவன் ஒருவன் தன் பெயரையும் மறைச்சொல்லையும் ஒருமுறை கொடுத்தபின் பக்கந்தோறும் மீளக் கொடுக்க வேண்டாதிருப்பது இதனாலேயாம். ஆகவே குக்கீ யாவும் தீதென்பார் கூற்றுப் பொருந்தாது.

ஆயினும் இதிற் பாகுபாடு உண்டு. வகுப்பு முடிந்து உலாவியை மூடியதும் அழிவது ஒரு வகை. மாதக்கணக்காக நிலைத்திருப்பது மற்றொரு வகை. நாம் நாடிச் சென்ற தளமே இடுவது ஒன்று. அத்தளத்தில் இடம்பெற்ற விளம்பர நிறுவனம் இடுவது மற்றொன்று. ஒரே விளம்பர நிறுவனம் பல தளங்களில் இடம்பெறுமாயின், ஒருவன் எங்கெங்குச் சென்றான், எதனைப் பார்த்தான் என்பதை அது தொடர்ந்தறிதல் கூடும். முன்னையது வகுப்பு வாயிலில் மாணவனை அடையாளங் காணும் ஆசிரியரை ஒக்கும். பின்னையது பாடசாலை விட்டபின் அவனை வீடுவரை பின்தொடரும் அயலானை ஒக்கும். இவ்விரண்டையும் ஒரே பெயரால் வழங்கி, ஒரே பொத்தானால் உடன்பாடு கேட்பது முதற் குற்றமாகும்.

இனி எட்மோடோவை நோக்குவாம். ஆசிரியர் மெய்ந்நிகர் வகுப்பொன்றை அமைத்துப் பாடங்களை இடவும், மாணவர் ஒப்படைகளைச் செலுத்தவும், இருசாராரும் உரையாடவும் அது இடந்தந்தது. பணங்கொடுக்க இயலாதாரும் பயன்படுத்தக்கூடிய இலவச வடிவம் இருந்தமை அதன் சிறப்பு. எனினும் அவ்விலவசத்துக்கு விலை கொடுத்தவர் யாவர் என்னும் வினா பின்னரே எழுந்தது. 2017ஆம் ஆண்டில் அந்நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 7 கோடியே 70 இலட்சம் கணக்குகளின் விவரங்கள் களவாடப்பட்டன. 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்நாட்டுக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழுவின் சார்பில் நீதித் திணைக்களம் அதன்மேல் வழக்குத் தொடுத்தது. 13 வயதுக்குட்பட்ட சிறுவரின் விவரங்களைப் பெற்றோரின் உடன்பாடின்றிப் பெறலாகாதென 1998ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருக்கவும், பெயர், பிறந்த தேதி, மின்னஞ்சல் முகவரி, கருவியின் அடையாளம் முதலியவற்றைப் பெற்றது என்பதும், அவற்றுட் சிலவற்றை விளம்பரங் காட்டப் பயன்படுத்தியது என்பதும், 2020ஆம் ஆண்டுவரை விவரங்களைக் கால எல்லையின்றி வைத்திருந்தது என்பதும் முறைப்பாட்டிற் கூறப்பட்டன. விதிக்கப்பட்ட தண்டப்பணம் 60 இலட்சம் டொலர். நிறுவனத்துக்குச் செலுத்தும் வலியின்மையால் அது நிறுத்திவைக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் அச்சேவை 2022ஆம் ஆண்டிலேயே மூடப்பட்டிருந்தது.

ஆசிரியராகிய நாம் ஊன்றி நோக்கவேண்டிய பகுதி இனிமேலதே. பெற்றோரின் உடன்பாட்டைப் பெறும் பொறுப்பை அந்நிறுவனம் பாடசாலைகள்மேலும் ஆசிரியர்கள்மேலும் சுமத்தியிருந்தது. அச்சுமை எங்கே எழுதப்பட்டிருந்தது? படித்தே தீரவேண்டுமென்னுங் கட்டாயமில்லாத சேவை விதிகளின் நடுவே எழுதப்பட்டிருந்தது. பெற்றோருக்குப் பதிலாகப் பாடசாலை உடன்பாடு தரலாமென அந்நாட்டு ஆணைக்குழு ஏற்றுக்கொண்டது உண்மையே. ஆயின் கல்வியின் பொருட்டு மட்டுமே அது செல்லும், வாணிகத்தின் பொருட்டுச் செல்லாது. ஆகவே ஆசிரியர் ஒரு பொத்தானை அழுத்தினமையால் விளம்பரத்துக்கும் வழி திறந்ததெனக் கொள்ளுதல், வகுப்பறைத் திறவுகோலை வாங்கியவன் வீட்டையும் திறக்க உரிமை பெற்றான் என்பதனோடு ஒக்கும்.

இப்பழிக்கு அடியேனும் புறம்பானவன் அல்லன். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் கொள்ளைநோயாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, மாணவரின் கல்வி தடைப்படலாகாதென்னும் அவசரத்தில், வேறொரு சேவையில் எனது வகுப்பு மாணவர் அனைவரின் பெயரையும் பிறந்த தேதியையும் ஒரே இரவிற் பதிந்தேன். 'விதிகளைப் படித்து ஏற்றுக்கொள்கிறேன்' என்ற வாசகத்தின் எதிரே குறியிட்டேன். ஒரு வரியும் படித்தேனல்லேன். இரண்டு ஆண்டுகள் கழிந்தபின் பெற்றோர் ஒருவர், "மாஸ்ரர், எங்கட பிள்ளையின்ர விவரம் இப்பவும் அங்க கிடக்குதோ?" என வினாவியபோது விடை கூற இயலாது நின்றேன். ஒரு பிழையான விடைத்தாளுக்கேனும் மாணவனிடம் விளக்கங் கேட்கும் நாம், அவன் பெயரில் இட்ட உடன்பாட்டுக்கு விளக்கங் கூற இயலாதிருத்தல் நாணத்தக்கதன்றோ?

எனினும் குற்றம் முழுவதையும் ஆசிரியர்மேல் ஏற்றுதல் நடுநிலை ஆகாது. இத்தகைய அறிவிப்புகளை நன்னூலார் வகுத்த பத்துக் குற்றங்களை உரைகல்லாக வைத்து நோக்கின், பல அவற்றிற் பொருந்துதல் காணலாம். வேண்டிய செய்தியை, அஃதாவது எவரிடம் விவரம் செல்லும் என்பதை, 'எமது பங்காளர்' என்னும் ஒரு சொல்லில் அடக்குவது குன்றக்கூறல். வேண்டாதவற்றைப் பக்கம் பக்கமாக விரித்தல் மிகைபடக்கூறல். 'சேவையை மேம்படுத்தும் பொருட்டு' என்னுந் தொடர், பழுது பார்த்தலையுங் குறிக்கும், விளம்பரத்தையுங் குறிக்கும். ஆதலின் அது மயங்கவைத்தல். முற்றும் படித்த பின்னரும் மறுக்க வழியில்லையாயின் அது நின்று பயனின்மை. கேட்டற்குரியார் பன்னிரண்டு வயதுச் சிறுவராக, நடையோ சட்டவல்லுநருக்கே விளங்குவதாக இருப்பின், அப்பாயிரம் யாருக்கு எழுதப்பட்டதென்னும் ஐயம் தோன்றுகின்றது. நிறுவனத்தைக் காப்பதற்கே எழுதப்பட்டது என்பதே விடை.

குறியிட்டதே உடன்பாடன்றோ எனச் சிலர் வினவுவர். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் இதற்கு விடை கூறியுள்ளது. ஜேர்மனி நாட்டுப் பரிசுப்போட்டி நிறுவனமொன்றின் வழக்கில், முன்னரே குறியிடப்பட்ட பெட்டியை நீக்காது விடுதல் குக்கீகளுக்கு உடன்பட்டதாகாது என 2019ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 1ஆந் தேதி அது தீர்ப்பளித்தது. உடன்பாடு என்பது அறிந்து, விரும்பி, தானே செய்யுஞ் செயலாதல் வேண்டும். வயதுவந்தோர் தாமே நீக்கத் தவறிய குறியே உடன்பாடாகாதெனின், தாம் காணாத பக்கத்தில் தம்பொருட்டுப் பிறர் இட்ட குறியால் சிறுவர் கட்டுண்டார் என்பது எங்ஙனம் பொருந்தும்?

எட்மோடோ வழக்கின் முடிவில் எழுந்த கட்டளை ஒரு நல்ல நெறியைக் காட்டுகின்றது. கல்விச் செயலிற் பங்குபற்றுதற்கு வேண்டியதற்கு மேலாக மாணவரிடம் விவரம் கேட்கலாகாது என்பதே அந்நெறி. கல்விச் சேவையொன்றின்மீது அவ்வாணைக்குழு இவ்வாறு கட்டளை பெற்றது அதுவே முதன்முறை. நமது நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், சிறுவர் பற்றிய விவரங்களைச் சிறப்பு வகையுள் அடக்கியுள்ளது. சட்டம் தன் வேலையைச் செய்யும்வரை நாம் வாளாவிருத்தல் வேண்டுவதில்லை. பெயருக்குப் பதிலாக வரவு இலக்கத்தைப் பதியலாம். பிறந்த தேதி பாடத்துக்கு வேண்டாவிடின் கொடாதொழியலாம். ஆண்டிறுதியில் வகுப்பை மூடும்போது கணக்குகளையும் அழிக்கும்படி கோரலாம். அனைத்தினும் முன்னதாக, பெற்றோருக்கு ஒரு கடிதம் எழுதி அவர் உடன்பாட்டைக் கேட்கலாம்.

இணையவழிக் கல்வியை வேண்டாமென ஒதுக்குதல் இக்கட்டுரையின் கருத்தன்று. பாடசாலைகள் மூடிக்கிடந்த நாளில் அது செய்த உதவி மறத்தற்கரியது. ஆயினும் பிள்ளைகளை நம்மை நம்பிப் பெற்றோர் ஒப்படைக்கின்றனர். அந்நம்பிக்கை நமக்கு அளிக்கப்பட்டதேயன்றி, நாம் பிறர்க்கு ஈயத்தக்க பொருளன்று. அடுத்தமுறை ஒரு பெற்றோர் அவ்வினாவைக் கேட்கும்போது, விடை கூறத்தக்க நிலையில் நாம் இருத்தல் வேண்டும்.