திரை விலகும்வரை வீட்டுக்காரர் எங்கே?

டெக்ஸஸ் மாநிலம் வேக்கோ நகரில் ஒரு தெரு. பாழடைந்த பழைய வீட்டின் படத்தை அச்சிட்ட பெரிய பலகை, புதுப்பித்த வீட்டை மறைத்து நிற்கிறது. பலகைக்குச் சக்கரங்கள் உண்டு. நடுவில் இரண்டாகப் பிரியும். சிப் கெயின்ஸ் ஒரு பாதியை இழுக்க, அவர் மனைவி ஜோவன்னா மறுபாதியை இழுக்க, வீட்டுக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பார்கள். சிலர் அழுதுவிடுவார்கள். எச்ஜிடிவி ஒளிபரப்பிய ‘ஃபிக்ஸர் அப்பர்’ தொடரின் ஒவ்வொரு பகுதியும் இந்தக் கணத்தை நோக்கியே நகர்ந்தது.

பார்ப்பவர் மனம் நெகிழும் காட்சிதான். ஆனால் சொந்த வீட்டில் மாதக்கணக்கில் வேலை நடந்தபோது இந்த வீட்டுக்காரர்கள் எங்கே இருந்தார்கள்? வீடு பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் உதவுவதாகச் சொல்லும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை எடைபோட இந்த ஒரு கேள்வி போதும். வேலை நடக்கும் இடத்தில் வீட்டுக்காரரை நிறுத்திவைக்கும் நிகழ்ச்சி ஒரு வகை. அவரை வெளியே அனுப்பிவிட்டுக் கடைசி நாளில் கூட்டிவரும் நிகழ்ச்சி இன்னொரு வகை. இரண்டும் பார்வையாளருக்குக் கற்றுத்தருவது ஒன்றல்ல.

அமெரிக்கத் தமிழர்களுக்கு இது பொழுதுபோக்கு விஷயம் மட்டுமல்ல. ஊரில் வீட்டுக்கு மராமத்து என்றால் தெரிந்த மேஸ்திரிக்குச் சொல்லியனுப்பினால் போதும். கொத்தனாரும் சித்தாளும் மறுநாள் வந்து நிற்பார்கள். வீட்டுப் பெரியவர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, எத்தனை மூட்டை சிமென்ட் வந்தது, கலவையில் மணல் கூடிவிட்டதா என்று பார்த்துக்கொள்வார். நியூ ஜெர்சியின் எடிசனிலோ, சான்ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் ஃப்ரீமான்ட்டிலோ, டெக்ஸஸின் ஃபிரிஸ்கோவிலோ வீடு வாங்கிய குடும்பத்துக்கு அந்த மேஸ்திரியும் இல்லை, பெரியவரின் அனுபவமும் உதவாது. செங்கல் சுவருக்கும் கான்கிரீட் தளத்துக்கும் நடுவே வளர்ந்தவருக்கு, மரச்சட்டமும் ஜிப்சம் பலகையுமாக நிற்கும் வீட்டின் உடற்கூறே புதிது. கூலியோ கையைச் சுடும். ஆகவே வார இறுதியில் ஹோம் டிப்போவுக்குப் போகுமுன் தொலைக்காட்சியைப் பார்த்துக் கற்றுக்கொள்பவர்கள் ஏராளம். அந்த ஆசிரியர் எதைச் சொல்லித்தருகிறார், எதை விட்டுவிடுகிறார் என்று கேட்டே ஆகவேண்டும்.

முதல் வகைக்குத் தாய்வீடு பாஸ்டன். அங்குள்ள பொதுத் தொலைக்காட்சி நிலையமான டபிள்யூஜிபிஎச், 1979-ல் ‘திஸ் ஓல்ட் ஹவுஸ்’ நிகழ்ச்சியைத் தொடங்கியது. உருவாக்கியவர் ரஸ்ஸல் மோராஷ். பாப் விலா தொகுத்து வழங்கினார். நார்ம் ஏப்ரம் தச்சர். டார்செஸ்டர் பகுதியில் ஒரு பழைய வீட்டை எடுத்துக்கொண்டு, வேலை எப்படி நடக்கிறதோ அப்படியே காட்டினார்கள். ஒரே வீட்டின் வேலை வாரக்கணக்கில் திரையில் ஓடியது. சுவரைத் திறந்ததும் உளுத்துப்போன மரம் தெரிந்தால், கேமரா அங்கேயே நின்றது.

பிறகு நிகழ்ச்சி ஊர் ஊராகப் போயிற்று. 1990-களின் இறுதியில் சான்ஃபிரான்சிஸ்கோவில் 1906-ம் ஆண்டைச் சேர்ந்த ஒரு தேவாலயம் குடியிருக்கும் வீடாக மாறுவதைக் காட்டியது. 2007-ல் ஆஸ்டினில் 1920-களின் சிறிய பங்களா ஒன்றைச் சூழலுக்குக் கேடில்லாத முறையில் விரிவாக்கியது. 2012 அக்டோபரில் சாண்டி புயல் நியூ ஜெர்சிக் கரையைச் சிதைத்தபின், மறு ஆண்டே மனாஸ்குவான், பாயின்ட் ப்ளெசன்ட், பே ஹெட் ஆகிய ஊர்களுக்குச் சென்று வீடுகள் மீண்டெழுவதைப் பின்தொடர்ந்தது. வெள்ள மட்டத்துக்கு மேலே வீட்டை எவ்வளவு உயர்த்த வேண்டும், எதன் மேல் நிறுத்த வேண்டும் என்பவை அந்த நாட்களில் கரையோரக் குடும்பங்கள் ஒவ்வொன்றும் கேட்டுத் தவித்த கேள்விகள். அவற்றுக்கு ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி பொறுமையாகப் பதில் சொன்னது.

2002-ல் தொடங்கிய ‘ஆஸ்க் திஸ் ஓல்ட் ஹவுஸ்’ இன்னும் நெருங்கி வந்தது. சின்னப் பழுது ஒன்றைச் சொல்லி வீட்டுக்காரர் எழுதுவார். அந்தத் தொழில் தெரிந்தவர் அவர் வீட்டுக்கே போவார். இருவரும் சேர்ந்து வேலை செய்வார்கள். ரிச்சர்ட் ட்ரெதீவி போன்ற ப்ளம்பர் செம்புக் குழாயைப் பற்றவைக்கச் சொல்லித்தரும் முறையை எடுத்துக்கொள்வோம். முதலில் தெருவிலிருந்து தண்ணீர் வரும் பிரதான வால்வை மூட வேண்டும். தாழ்வான இடத்துக் குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் பற்றாசு பிடிக்காது. குழாய் முனையை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, ஃப்ளக்ஸ் பசையைத் தடவி, இணைப்பில் செருக வேண்டும். தீயைப் பற்றாசின்மேல் காட்டக்கூடாது, இணைப்பின்மேல் காட்ட வேண்டும். இணைப்பு போதிய சூடேறியதும் பற்றாசு உருகி, தானே இடுக்குக்குள் இழுபட்டுச் சுற்றிலும் வெள்ளி வளையமாக நிற்கும்.

இதைப் பார்த்த எல்லோரும் குழாய் பற்றவைக்கப் போவதில்லை. ஆனால் நள்ளிரவில் குழாய் வெடித்தால் எந்த வால்வை மூட வேண்டும் என்று தெரிந்திருக்கும். ப்ளம்பர் வந்து செய்யும் வேலை ஒழுங்கானதா என்று அருகில் நின்று பார்க்கத் தெரிந்திருக்கும். நாற்காலி போட்டு உட்கார்ந்த அந்தப் பெரியவரின் கண்ணை இந்த நிகழ்ச்சி ஓரளவு மீட்டுத்தருகிறது. அதன் பெரும்பலம் இதுதான்.

குறை இல்லாமல் இல்லை. பொதுத் தொலைக்காட்சியானாலும் பணம் தருபவரின் கை அங்கேயும் நீளும். 1989-ல் பாப் விலா, நியூ ஜெர்சியைத் தலைமையிடமாகக் கொண்ட ரிக்கல் என்ற கட்டுமானப் பொருள் கடைகளின் விளம்பரத்தில் நடித்தார். நிகழ்ச்சிக்கு நிதி தந்துவந்த போட்டி நிறுவனமான ஹோம் டிப்போ அதை ஏற்கவில்லை. பத்தாண்டு முகமாக இருந்தவர் வெளியேற நேர்ந்தது. உற்பத்தியாளர்கள் இலவசமாகவோ சலுகையிலோ தரும் பொருள்களும் வீடுகளில் இடம்பெறுவதால், திரையில் தெரியும் வேலை சாதாரணக் குடும்பத்துக்கு என்ன விலையில் முடியும் என்பது விளங்குவதில்லை. எடுத்துக்கொண்ட வீடுகளில் வசதியானவர்களின் பெரிய வீடுகளும் அதிகம்.

இரண்டாம் வகை, 1994 டிசம்பரில் எச்ஜிடிவி வந்தபின் பெருகியது. ‘ஃபிக்ஸர் அப்பர்’ 2013-ல் வெள்ளோட்டம் பார்த்து 2018-ல் ஐந்தாம் பருவத்தோடு முடிந்தது. அதன் நன்மையை மறுக்க முடியாது. 1993-ல் ஊருக்கு வெளியே ஒரு மதக்குழுவின் இருப்பிடத்தில் நடந்த முற்றுகையாலும் தீயாலும் மட்டுமே உலகம் அறிந்திருந்த வேக்கோவுக்கு அது வேறொரு முகம் தந்தது. 2015-ல் கெயின்ஸ் தம்பதியர் பழைய தானியக் குதிர்களுக்கு அருகே திறந்த கடை வளாகத்துக்குப் பயணிகள் திரண்டார்கள். இடிக்க வேண்டியவை என்று ஒதுக்கிய வீடுகளைக் காப்பாற்றலாம் என்று இலட்சக்கணக்கானோர் நம்பத் தொடங்கினார்கள். வீட்டின் விலை இவ்வளவு, புதுப்பிக்க ஒதுக்கியது இவ்வளவு என்று தொடக்கத்திலேயே கணக்கைச் சொன்னதும் நல்ல வழக்கம்.

ஆனால் அதே தொடர்தான் மறைவில் நடக்கும் வேலையின் ஆபத்தையும் காட்டிக்கொடுத்தது. அமெரிக்காவில் 1978-க்கு முன் கட்டிய வீடுகளில் ஈயம் கலந்த பெயின்ட் இருக்கலாம். அதைச் சுரண்டினாலோ சுவரை உடைத்தாலோ பறக்கும் தூசி, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். எனவே 2010 முதல் இத்தகைய வீடுகளில் வேலை செய்யும் நிறுவனம் சான்று பெற்றிருக்க வேண்டும். தரையிலும் வாசலிலும் பிளாஸ்டிக் விரித்துத் தூசியை அடைக்க வேண்டும். முடிந்ததும் நுண்தூசி உறிஞ்சும் இயந்திரத்தால் துடைத்தெடுக்க வேண்டும். மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, கெயின்ஸ் தம்பதியரின் நிறுவனம் புதுப்பித்த 33 வீடுகளின் ஒளிப்பதிவை ஆராய்ந்து, விதிமீறல் நடந்ததாகக் குற்றம்சாட்டியது. 2018 ஜூனில் அறிவித்த உடன்பாட்டின்படி நிறுவனம் 40,000 டாலர் அபராதம் கட்டவும், வேக்கோவில் ஈய ஆபத்தைக் களைய 1,60,000 டாலர் செலவிடவும் ஒப்புக்கொண்டது. சம்மட்டியால் சுவரை உடைப்பதைப் பல பருவங்கள் பார்த்தவர்கள், அந்தத் தூசியைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

வீட்டுக்காரரை முழுக்க அகற்றிய நிகழ்ச்சி ஏபிசி-யின் ‘எக்ஸ்ட்ரீம் மேக்ஓவர்: ஹோம் எடிஷன்’. 2003 முதல் 2012 வரை ஓடிய அது, துன்பப்பட்ட குடும்பத்தைச் சுற்றுலாவுக்கு அனுப்பிவிட்டு ஏழே நாளில் மாளிகை எழுப்பியது. ஆயிரக்கணக்கான தொண்டர்களின் உழைப்பு அதில் இருந்தது. நோயுற்ற பிள்ளைகளுக்கு ஏற்ற குளியலறைகளும் சாய்தளங்களும் கிடைத்தன. ஆனால் பெரிய வீட்டுக்கு மின்கட்டணமும் சொத்து வரியும் பெரிதாகவே வரும். அந்தச் சுமையால் தடுமாறிய குடும்பங்களும், வீட்டை விற்றுவிட்டுப் போனவர்களும் உண்டு. ஜார்ஜியாவில் 2005-ல் கட்டித்தந்த ஒரு வீடு, அதை ஈடுவைத்து வாங்கிய 4,50,000 டாலர் கடனால் மூன்றே ஆண்டில் ஏல அறிவிப்பு வரை போனது. வீடு எழுந்தபோது குடும்பம் அங்கே இல்லை.

இந்த வகை நிகழ்ச்சிகள் இன்னொன்றையும் செய்கின்றன. நுகர்வோர் ஆய்வாளர்கள் அனெட்டா கிரான்ட், ஜே ஹேண்டல்மன் இருவரும் வீடு புதுப்பித்தவர்களிடம் பேசி ஆராய்ந்தார்கள். இத்தகைய ஊடகங்களில் ஊறியவர்கள், நாளை வீட்டை வாங்கப்போகும் யாரோ ஒருவரின் கண்ணால் தங்கள் வீட்டைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். சொந்த வீட்டிலேயே மனம் ஒட்டாமல் போகிறது என்றார்கள். தமிழ் வீட்டில் இதற்குச் சாட்சி சமையலறை. திரையில் வரும் யோசனை எப்போதும் ஒன்றே: சுவரை இடி, அடுப்படியையும் கூடத்தையும் ஒன்றாக்கு. தினமும் கடுகு தாளித்து, மிளகாய் வற்றல் வறுத்து, வாரம் ஒருமுறை மீன் பொரிக்கும் வீட்டில் அந்தச் சுவருக்கு வேலை இருக்கிறது. சுவரை எடுத்தால் சோபாத் துணியிலும் திரைச்சீலையிலும் வாசம் ஏறிவிடும். அடுப்புக்கு மேலுள்ள விசிறி புகையைக் குழாய் வழியே வெளியே தள்ளுகிறதா, வடிகட்டி மறுபடி அறைக்குள்ளேயே விடுகிறதா என்பதுதான் இங்கே முதல் கேள்வி. பளிங்கு மேடையின் நிறத்துக்குக் கிடைக்கும் நேரத்தில் பாதிகூட அதற்குக் கிடைப்பதில்லை.

கண்ணுக்குத் தெரியாத வேலைகளுக்கு இந்த வடிவத்தில் இடமே இல்லை. வளைகுடாப் பகுதியின் பழைய மரவீடுகளை அஸ்திவாரத்தோடு போல்ட் போட்டுப் பிணைத்து, தரைக்குக் கீழுள்ள குட்டைச் சுவர்களைப் பலப்படுத்தினால் நிலநடுக்கத்தில் வீடு சரியாமல் நிற்கும். அதற்குக் கலிஃபோர்னியா 3,000 டாலர் வரை உதவித்தொகை தரும் திட்டமும் வைத்திருக்கிறது. டாலஸ் வட்டாரத்துக் களிமண் மழையில் உப்பி வெயிலில் சுருங்கி, வீட்டின் அடித்தளத்தையே அசைத்துவிடும். வடிகாலும் சீரான ஈரமும் அங்கே உயிர்நாடி. நியூ ஜெர்சியின் பழைய வீடுகளின் முற்றத்தில் சூடேற்றும் எண்ணெய்த் தொட்டி புதைந்திருக்கலாம். அது கசிந்தால் மண்ணைத் துப்புரவாக்கும் செலவு வீட்டுக்காரர் தலையில் விழும். பலகையை விலக்கிக் காட்ட இவற்றில் எதுவுமே இல்லை.

சட்டத்துக்கும் திரையில் இடமில்லை. கலிஃபோர்னியாவில் 1,000 டாலரும் அதற்கு மேலும் ஆகும் வேலைக்கு உரிமம் பெற்ற கான்ட்ராக்டர் வேண்டும்; முன்பணம் மொத்தத்தில் பத்து விழுக்காடு அல்லது 1,000 டாலர், இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் அவர் கேட்கக்கூடாது. நியூ ஜெர்சியில் கான்ட்ராக்டர் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். 500 டாலரைத் தாண்டினால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். மூன்று வேலை நாட்களுக்குள் அதை ரத்து செய்யலாம். டெக்ஸஸில் ப்ளம்பருக்கும் எலெக்ட்ரீஷியனுக்கும் உரிமம் உண்டு, பொதுக் கான்ட்ராக்டருக்கு மாநில உரிமமே கிடையாது. ஆகவே அங்கே நகராட்சியின் பெர்மிட்டும் ஆய்வாளரின் வருகையுமே முக்கியக் காப்பு. குடியிருக்கும் வீட்டின் வரி மதிப்பு ஆண்டுக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் ஏறாது என்ற டெக்ஸஸ் வரம்பு, புதிதாகக் கட்டிச் சேர்த்த பகுதிக்குப் பொருந்தாது. கூடுதல் அறை கட்டுமுன் ஒரு குடும்பத்துக்குத் தெரிந்திருக்க வேண்டிய சேதி இது.

இவற்றையெல்லாம் காட்டினால் பார்ப்பவர்கள் போய்விடுவார்கள் என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை. சுற்றுச்சூழல் முகமையின் நடவடிக்கைக்குப் பிறகு சிப் கெயின்ஸ் ஈயப் பெயின்ட்டின் ஆபத்தையும் பாதுகாப்பான வேலைமுறையையும் மக்களிடம் எடுத்துச் சொன்னார். அதனால் அவருடைய செல்வாக்கு குறைந்துவிடவில்லை. ‘திஸ் ஓல்ட் ஹவுஸ்’ நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஓடுகிறது. திரை விலகும் காட்சியும் இருக்கட்டும். அதற்கு முன் மூன்று நிமிடம் ஒதுக்கி நான்கு விவரங்களைச் சொன்னால் போதும்: பெர்மிட் கிடைக்க எத்தனை நாள் ஆயிற்று, ஆய்வாளர் எதைத் திருத்தச் சொன்னார், ரசீதுகளின் கூட்டுத்தொகை தொடக்கத்தில் சொன்னதிலிருந்து எவ்வளவு விலகியது, வேலை நடுவில் வீட்டுக்காரர் எதை மாற்றச் சொன்னார். எடிசனில் முதல் வீடு வாங்கிய தம்பதியருக்கு, கான்ட்ராக்டரிடம் கையெழுத்துப் போடுமுன் தேவைப்படுபவை இந்த நான்கும்தான்.