கருணையன் கற்ற பாடம்: தேம்பாவணியை மீண்டும் படிக்கையில்

புனித யோசேப்பு நற்செய்தி நூல்களில் ஒரு சொல்லும் பேசுவதில்லை. கனவு காண்கிறார், எழுகிறார், சொன்னதைச் செய்கிறார். அந்த மௌனத் தச்சரைக் காப்பியத் தலைவராக்கி, வளன் எனத் தமிழ்ப் பெயரும் சூட்டி, 3615 பாடல்கள் பாடத் துணிந்தவர் வீரமாமுனிவர். 3 காண்டம், 36 படலம் என விரியும் தேம்பாவணி 1726-இல் நிறைவுற்றது என்பர். அஃது அச்சேறியதோ முனிவர் மறைந்து நூறாண்டுகளுக்குப் பின்னர், 1851 முதல் 1853 வரை, புதுச்சேரியில். நம் கத்தோலிக்க இல்லங்களில் இந்நூலின் பெயரை அறியாதார் இலர். நூலைப் படித்தாரோ மிகச் சிலர். அச்சிலருள் நாமும் நெடுங்காலம் இருந்ததில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்வது முறை.

குருமடத்தில் இறையியல் பயின்ற ஆண்டுகளில் ஐரோப்பிய அறிஞர் பலரைப் பக்கம் பக்கமாகக் கற்றோம். தேம்பாவணி நூலகத்தின் மேலடுக்கில் இருந்தது. ஏணி வைத்து ஏற எவரும் சொல்லவில்லை, எமக்கும் தோன்றவில்லை. பங்குப் பணிக்கு வந்தபின் நேரமில்லை என்றோம். நேரம் இருந்தது, அண்மை ஆண்டுகளில் அதைக் கைப்பேசி எடுத்துக்கொண்டது. சனிக்கிழமை இரவில் மறையுரைக்கு ஒரு கதை தேடித் திரையைத் தள்ளிக்கொண்டே போய், பதினொரு மணியளவில் எவரோ எங்கோ ஆற்றிய உரையை நமதாக்கிக்கொண்ட நாள்களும் உண்டு. இறைமக்கள் கண்டுபிடிக்கவில்லை, கண்டும் சொல்லவில்லையோ, அறியோம்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2020 டிசம்பர் 8 தொடங்கி ஓராண்டைப் புனித யோசேப்பின் ஆண்டாக அறிவித்திருந்தார். பெருந்தொற்றின் நடுவே அவ்வாண்டு கழிந்தது. அது முடிந்த சில காலத்திற்குப் பின், ஆதம்பாக்கத்தில் ஞாயிறு மாலைத் திருப்பலிக்குப் பிறகு எட்டுப் பேர் கூடித் தேம்பாவணியைப் படிக்கத் தொடங்கினோம். பரங்கிமலைப் பக்கத்து இரயில் ஓசையும் மீனம்பாக்கத்து விமான ஓசையும் இடையிடையே வாசிப்பை நிறுத்தும். அவற்றினும் மேசைமேல் வைத்த கைப்பேசிகளே அடிக்கடி நிறுத்தின.

தொடக்கம் எளிதாக இல்லை. நாட்டுப் படலமும் நகரப் படலமும் எம்மைச் சோர்வடையச் செய்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. யூதேயா நாட்டைக் காவிரிக் கரையின் மருத நிலம்போல் வயலும் வாளையும் தாமரையுமாகத் தீட்டியது குற்றமன்று. மறையைத் தமிழ் மண்ணில் ஊன்ற விழைந்தவர் அவ்வாறுதான் தீட்டியிருக்க வேண்டும். ஆனால் உவமை உவமையாக அடுக்கப்படும்போது, சிந்தாமணியையும் கம்பனையும் தாம் கற்றுத் தேர்ந்தமையைக் காட்ட முனைந்து நிற்கும் மாணவரின் முகமே நமக்குத் தெரிகிறது. கற்றது செரிக்குமுன் பரிமாறப்படும் இடங்கள் அவை. இக்குறையைத் தேம்பாவணிமேல் ஏற்றும் நாம், சனிக்கிழமை இரவுகளில் அதனினும் பெரிய குறையைச் செய்தவர் என்பதையும் வாசகர் நினைவிற் கொள்க.

காப்பியம் உயிர்கொள்வது பால மாட்சிப் படலத்தில். இளைஞனாகிய வளன், உலகின் ஆரவாரம் தவத்திற்குத் தடையெனக் கருதிக் காட்டை நோக்கிப் புறப்படுகிறான். வானவர் ஒருவர் முதியவர் உருவில் வழியில் எதிர்ப்பட்டு, நாட்டில் மக்களிடையே அறம் புரிந்து வாழ்தலின் பெருமையை எடுத்துரைத்துத் திருப்பி அனுப்புகிறார். எழுதியவரோ வீடு துறந்த துறவி! இல்லறத்தாரின் பக்கம் நின்று அவர் வாதாடுவது வியப்புக்குரியது. "ஒரு பத்து நாள் தியான இல்லத்துக்குப் போனால்தான் ஜெபிக்க முடியும், ஃபாதர்" என்று எம்மிடம் சொல்வோர் பலர். தியானம் நன்றே. எனினும் அம்முதியவர் வளனுக்குச் சொன்னதை அவர்களும் ஒருமுறை கேட்டல் வேண்டும்.

அடுத்துச் சொல்லப்போவதற்கு நாம் வரிசை தவறிச் சென்றோம். எம் குழுவினர் ஒருவரின் மகள் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலைக் கொண்டுவந்து, "இதுவும் தேம்பாவணிதானே?" என்றாள். கருணையன் தன் தாயை இழந்து புலம்பும் பகுதி அது. திருமுழுக்கு யோவானுக்கு முனிவர் இட்ட பெயர் கருணையன். ஏரோதுக்கு அஞ்சிக் குழந்தையோடு கானகம் புகுந்த எலிசபெத்து, அங்கேயே உயிர் நீக்கிறார். விவிலியத்தில் இச்செய்தி இல்லை. யோவான் பாலைநிலத்தில் வளர்ந்தார் என்று மட்டும் லூக்கா (1:80) குறிக்கிறார். அவ்வொற்றை வசனத்திற்கும் மரபுவழிக் கதைக்கும் இடையே கவிஞர் ஒரு சிறுவனை நிறுத்துகிறார், தனியே.

மரமும் மலரும் பறவையும் அவனோடு சேர்ந்து அழுவது பழைய காப்பிய மரபு. அதனைப் பெரிதாகப் பாராட்ட மாட்டோம். எம்மை நிறுத்தியது வேறொரு பாடல். அதில் சிறுவன் தனக்குத் தெரியாதவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லுகிறான்: உடலைப் பேணும் முறை தெரியாது, உணவு தேடும் வகை தெரியாது, காட்டில் செல்லும் வழி தெரியாது. தெரிந்தது ஒன்றே, தாயின் கைமுறை. தாய் கையால் காட்டியது மட்டுமே அவன் கற்ற கல்வி. இப்போது அந்தக் கை இல்லை. உவமை இல்லை, அணி இல்லை. நாட்டுப் படலத்தில் அத்தனை நூற்கல்வியைக் கொட்டிய அதே புலவர், இங்கே எல்லாவற்றையும் கீழே வைத்துவிட்டு எளிய சொற்களில் பேசுகிறார். தேம்பாவணியின் சிகரம் எதுவெனக் கேட்டால் நாம் இப்பாடலையே சுட்டுவோம். போர்ப் படலங்களைப் போற்றுவோர் எம்மோடு மாறுபடக்கூடும்.

சிறுமி அதை ஒரு சீர் பிறழாமல் ஒப்புவித்தாள். 'கைமுறை' என்றால் என்ன என்று கேட்டோம். தெரியவில்லை, தேர்வில் வராதாம்! அப்போது, அதுவரை பேசாதிருந்த இளைஞர் ஒருவர் பேசினார். 2021 மே மாதத்தில், தொற்றின் இரண்டாம் அலையில் தாயை இழந்தவர் அவர். "அம்மா வைக்கிற மீன் குழம்பு எனக்கு வைக்கத் தெரியாது, ஃபாதர். பக்கத்தில் நின்று பார்த்திருக்கலாம். நான் அப்போது போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அதே போனில் நூறு மீன் குழம்பு இருக்கிறது, அம்மாவுடையது இல்லை." அன்று அதற்குமேல் வாசிக்கவில்லை.

முப்பது வயதில் இத்தாலியினின்று தமிழகம் வந்தடைந்த மனிதர் இப்பாடலை எங்கிருந்து எடுத்தார்? இது நம் ஊகமே: தெரியாது, தெரியாது என்று சொல்லும் அக்குரல் அவருடையதாகவும் இருக்கலாம். தாய்மொழியை விட்டு வந்து, உணவும் வழியும் எழுத்தும் பிறர் கைகாட்ட அறிந்துகொண்டவரல்லவா அவர்! பெரியவராகி எழுத்துக் கற்றவர் என்பதாலோ என்னவோ, ஓலையில் எகரமும் ஏகாரமும் மயங்கும் இடர் அவருக்கு உறுத்தியது. வேறுபடுத்த வழி செய்தார். தமக்குத் தேவையாயிருந்த துணையைப் பின்வருவோர்க்கு ஆக்கித் தந்ததுபோல் 1732-இல் சதுரகராதி தொகுத்தார். 1747-இல் இறக்கும்வரை அவர் கற்பதை நிறுத்தியதாகத் தெரியவில்லை. கற்றது தம்மோடு நின்றுவிடாமல் அடுத்தவர் கைக்குப் போய்ச் சேரவேண்டும் என்பதே அந்நூல்களின் நோக்கம்.

இந்தக் கண்ணோடு பார்க்கையில், எகிப்துப் பயணத்தில் இடம்பெறும் கிளைக்கதைகளும் வேறாகத் தோன்றுகின்றன. யோசுவாவின் வெற்றி, கிதியோனின் வெற்றி எனப் பழைய ஏற்பாட்டு வரலாறுகள் வழிநடையில் சொல்லப்படுகின்றன. கதையோட்டத்தை அவை தடுக்கின்றன என்னும் திறனாய்வாளர் கூற்றில் நியாயம் உண்டு. நாமும் சிலவற்றை வேகமாகக் கடந்தோம். ஆயினும் நாடுகடந்து ஓடும் ஒரு குடும்பம், அச்சத்தினூடே தன் முன்னோரின் வரலாற்றைக் கேட்டுக்கொண்டு நடப்பதை எண்ணிப் பாருங்கள். வேளச்சேரிச் சாலை நெரிசலில் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் நிற்கும் நம் குடும்பங்களில், அவ்வேளை ஆளுக்கொரு திரையில் கழிகிறது.

இப்போது முதற் காண்டம் முடிந்திருக்கிறது. வாரத்துக்குப் பத்துப் பாடல் என்றால் முழு நூலுக்கு ஏழாண்டு ஆகும். அதற்குள் நாம் வேறு பங்குக்கு மாற்றலாகியிருப்போம். ஆதலால் உரை சொல்லும் பொறுப்பைச் சென்ற மாதம் முதல் குழுவினரே முறை வைத்து ஏற்றுள்ளனர். முதல் முறை அந்த இளைஞருடையது. குழுவில் மூத்தவர் எழுபத்தெட்டு வயதினர். ஏழாண்டுக் கணக்கைக் கேட்டு விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "முடியும்போது எனக்கு எண்பதைத் தாண்டியிருக்கும்" என்றார். பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "எந்தப் பாடலில் நிறுத்தினோம்?" என்று கேட்டார்.