டம்பெல் தூக்கிப் பனிச்சுவர் ஏறலாமா?

ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் 1345 மீட்டர் உயரம்தான். ஆனாலும் அதன் வடக்கு முகத்தில் குளிர்காலத்தில் படியும் உறைபனி, பனியேற்றக் கலையின் பெரும்பகுதியை வளர்த்தெடுத்திருக்கிறது. 1960 பிப்ரவரியில் ஜிம்மி மார்ஷலும் ராபின் ஸ்மித்தும் அங்கே தங்கி, ஒரே வாரத்தில் ஏறி முடித்த தடங்கள் இன்றும் பேசப்படுகின்றன. முந்தைய ஆண்டு ஐந்து நாள் முற்றுகையிட்டு ஏறப்பட்ட பாயின்ட் ஃபைவ் கல்லி என்ற தடத்தை அவர்கள் ஒரே நாளில் முடித்தார்கள். கெட்டிப்பட்ட பனியில் கோடரியால் குழி வெட்டி, அதில் நின்றபடி அடுத்த குழியை வெட்டி மேலேறும் முறை அவர்களுடையது. தோளுக்கும் முன்கைக்கும் வேண்டிய பயிற்சியை அந்த வெட்டுவேலையே கொடுத்துவிட்டது.

இன்று அதே சுவருக்கு வருகிறவர்களில் பலர் தெற்கே பெருநகரங்களில் அலுவலக வேலை பார்ப்பவர்கள். வெள்ளி இரவு வண்டியெடுத்து வடக்கே போனால், டிசம்பர் கடைசியில் ஏழு மணி நேரத்துக்கும் குறைவான பகல் வெளிச்சம் கிடைக்கும். அந்த வாரம் பனி சரியாக இறுகியிருந்தால் ஏறலாம், இல்லையென்றால் திரும்பிவிட வேண்டும். வாரநாள்களில் அவர்களுக்கு வாய்ப்பதோ ஓர் அறையும், அதன் மூலையில் ஒரு ஜோடி டம்பெல்லும். இந்த நிலைமையை மனத்தில் வைத்துத்தான் டம்பெல் பயிற்சியை எடைபோட வேண்டும். மலையருகே குடியிருப்பவரின் அளவுகோலால் அதை அளப்பது நியாயமாகாது. என் தீர்ப்பை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். டம்பெல் உடலைப் பழுதுபடாமல் காக்கும். ஏறும் செயலுக்கு அது மாற்றாகாது. இந்த எல்லை தெரியாமல் பயிற்சி செய்கிறவர்கள் மாதக்கணக்கில் உழைத்தும், முதல் செங்குத்துப் பகுதியிலேயே விரல் திறந்து நிற்கிறார்கள்.

ஏன் அப்படி? கருவி மாறியதோடு உடலின் வேலையும் மாறியது. 1966-இல் மலையேறி இவோன் ஷுயினார் ஆல்ப்ஸ் மலைக்கு வந்து, சாமொனி அருகே போசோன் பனியாற்றில் கோடரிகளைச் சோதித்துப் பார்த்தார். அதன் பிறகு அவர் செய்வித்த வளைந்த மூக்குக் கோடரி, அடித்த இடத்தில் கவ்விக்கொண்டு ஆளின் எடையைத் தாங்கியது. சில ஆண்டுகளில் ஸ்காட்லாந்தின் ஹேமிஷ் மெக்கின்னஸ் இன்னும் கூர்மையாகக் கீழ்நோக்கிச் சாயும் மூக்கை வைத்து ‘டெரடாக்டில்’ கோடரியை உருவாக்கினார். குழி வெட்டும் வேலை போயிற்று. கைக்கொன்றாக இரண்டு குட்டைக் கோடரிகளில் தொங்கி, காலணியில் பூட்டும் கிராம்பானின் முன்பற்களில் நின்று ஏறுவது வழக்கமாயிற்று. அன்றுவரை கையின் வேலை வெட்டுவது. இப்போது தலைக்கு மேல் பிடித்துத் தொங்குவது.

இந்தத் தொங்குதலை டம்பெல்லால் உண்டாக்க முடியாது. பனிக்கோடரியைப் பிடித்திருக்கும்போது விரல் மடக்கும் தசைகள் அசையாமல் இறுகி நிற்கின்றன. இறுகிய தசை தனக்குள் ஓடும் ரத்தக் குழாய்களைத் தானே நெரிக்கிறது. கை இதயத்துக்கு மேலே இருப்பதால் ரத்தம் ஏறுவதும் கடினம். குளிர் குழாய்களை மேலும் சுருக்குகிறது. தடித்த கையுறை பிடியை வழுக்கச் செய்வதால் தேவைக்கு மேல் அழுத்திப் பிடிக்க நேர்கிறது. டம்பெல்லை மடக்கித் தூக்கும் பயிற்சியில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு முறை இறக்கும்போதும் தசை தளர்ந்து ரத்தம் பாய்கிறது. உழைப்பது பெரும்பாலும் புஜத்தின் முன்தசை. நல்ல பனியேற்றக்காரரோ கூடுமானவரை கையை நீட்டியே தொங்குகிறார். மேலெழும் கணத்தில்தான் அந்தத் தசையை அழைக்கிறார்.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. தசை தன் உச்ச வலிமையில் எவ்வளவு பங்கைச் செலவிடுகிறது என்பதைப் பொறுத்தே குழாய்கள் நெரிபடுகின்றன. உச்சம் உயர்ந்தால், அதே உடல் எடையைத் தாங்குவது சிறிய பங்காகிவிடும். ரத்தம் ஓரளவு ஓடும். ஆகவே கனமான டம்பெல்லை, கைப்பிடியில் துணி சுற்றித் தடிப்பாக்கி, இரு கைகளிலும் தொங்கவிட்டு நடப்பது வீணில்லை. ஆனால் கதவு நிலையில் மாட்டும் ஒரு கம்பியும், அதில் கட்டித் தொங்கவிட்ட இரண்டு துண்டுகளும் இதையே கை மேலே இருக்கும் நிலையில் கொடுத்துவிடுகின்றன. அறையின் மூலையில் வைக்க ஒரே பொருளுக்குத்தான் இடம் என்றால் நான் கம்பியைத்தான் பரிந்துரைப்பேன்.

என்னை அதிகம் உறுத்துவது வேறொரு பழக்கம். சிறிய டம்பெல்லைக் கையில் பிடித்து, கோடரி வீசுவதுபோலத் தலைக்கு மேலிருந்து முன்னால் வீசிப் பழகுகிறார்கள். இது வீண் என்பதோடு தீங்கும்கூட. பனிக்கோடரியின் எடை ஏறத்தாழ 600 கிராம். அதில் பெரும்பங்கு கையிலிருந்து அரை மீட்டர் தள்ளி, தலைப்பகுதியில் இருக்கிறது. முழங்கையை முன்னே விட்டு, கடைசிக் கணத்தில் மணிக்கட்டைச் சொடுக்கினால் அந்தத் தலை தானாக வேகமெடுத்துப் பனியில் பாய்கிறது. டம்பெல்லின் எடையோ உள்ளங்கையின் இருபுறமும் சமமாக அமர்ந்திருக்கிறது. சொடுக்குவதற்கு நெம்புகோல் இல்லை. மூன்று கிலோ இரும்பை முன்னால் வீசி நடுவில் நிறுத்தும்போது முழங்கையும் தோள்மூட்டும் அந்த வேகத்தை விழுங்க வேண்டியிருக்கிறது. மெதுவான, முரட்டு வீச்சு பழகிவிட்டால் மலையில் அதுதான் வெளிவரும். புடைத்த பனியில் முரட்டு அடி விழுந்தால் தட்டு தட்டாக உடைந்து முகத்தில் கொட்டும்.

எடை தள்ளி இருக்கும் கருவிதான் வேண்டுமென்றால் நம் ஊரில் கர்லாக்கட்டை இருக்கிறது. பிடி மெலிந்து முனை பருத்த கட்டை. சுழற்றும்போது தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்தாக வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் இந்தியாவில் இந்த வகைப் பயிற்சியைக் கண்டு தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். கட்டை சுழற்றுதல் 1904, 1932 ஒலிம்பிக்குகளில் போட்டியாகவும் இருந்தது. இலேசான கட்டை ஒன்று, கோடரி வீச்சின் சொடுக்கைக் கற்றுத்தராவிட்டாலும், அந்த வீச்சுக்கான தோளை டம்பெல்லைவிட நன்றாகப் பதப்படுத்தும் என்றே கருதுகிறேன்.

கால்களைப் பொறுத்தவரை கணக்கு இன்னும் பாதகமானது. பென் நெவிஸ் அடிவாரத்து டோர்லண்டியிலிருந்து, வடக்கு முகத்தின் கீழே 1929-இல் திறக்கப்பட்ட சி.ஐ.சி. குடில்வரை போகவே ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நடக்க வேண்டும். முதுகில் கயிறு, ஐஸ் ஸ்க்ரூ, கிராம்பான், உடைகள் என்று 12 முதல் 15 கிலோ. அதன் பிறகுதான் சுவர். டம்பெல் ஏந்திப் படி ஏறி இறங்கும்போது பிடி முதலில் தளர்ந்துவிடுகிறது. தொடை களைக்கும் முன்பே பயிற்சி நின்றுவிடும். சுமை இடுப்புக்குக் கீழே தொங்குவதால் சமநிலையும் முதுகுப்பையுடன் நடப்பதைப் போல இருக்காது. பையில் தண்ணீர் நிரப்பி மாடிப்படி ஏறி, உச்சியில் கொட்டிவிட்டு முட்டி நோகாமல் இறங்குவது இதைவிடச் சிறந்த வழி. நங்கா பர்பத்தின் ரூபல் முகத்தில் 2005-இல் வின்ஸ் ஆண்டர்சனுடன் புதுத்தடம் ஏறிய ஸ்டீவ் ஹவுஸ், ஸ்காட் ஜான்ஸ்டனுடன் சேர்ந்து 2014-இல் வெளியிட்ட பயிற்சி நூல் நீண்டநேர, மிதமான வேகத் தாங்குதிறனையே அடித்தளமாக வைக்கிறது. வலிமைப் பயிற்சி அதன்மேல் வருகிறது. பத்துப் பத்து முறையாகத் தூக்கி இறக்கும் டம்பெல் அந்த அடித்தளத்தைப் போடாது.

இவ்வளவு சொன்ன பிறகும் டம்பெல்லைத் தூக்கி எறியச் சொல்ல எனக்கு மனமில்லை. இழுத்து இழுத்தே வளர்ந்த உடல் மலையேறுபவருடையது. மார்பும் தோளின் பின்புறமும் பின்தங்க, தோள்கள் முன்னால் வளைகின்றன. முழங்கையின் வெளிப்புறம் நோகத் தொடங்குகிறது. படுத்தபடி தள்ளுவது, தலைக்கு மேல் தள்ளுவது, இலேசான எடையை மணிக்கட்டால் மெதுவாக இறக்குவது ஆகியவை இந்தக் குறையை நேராகப் போய்த் தொடுகின்றன. கம்பி இதைச் செய்யாது. இன்னொன்று, கைக்கொன்றாகத் தூக்குவதால் பலவீனமான பக்கம் ஒளிந்துகொள்ள முடியாது. ஐஸ் ஸ்க்ரூ திருகும்போது ஒரு கை கோடரியில் தொங்க, மறுகை இடுப்புக்கும் மார்புக்கும் நடுவே திருகுகிறது. உடல் கதவுபோல் ஒரு பக்கமாகத் திறந்துகொள்ளப் பார்க்கிறது. ஒரு கையில் மட்டும் கனத்தை ஏந்தி நிமிர்ந்து நடப்பதும், ஒற்றைக் கையால் டம்பெல்லை விலாவுக்கு இழுப்பதும் நடுவுடலுக்குக் கொடுக்கும் திடம் அந்த இடத்தில் அப்படியே பயன்படுகிறது.

எனவே காலத்தைப் பிரிப்பதுதான் முக்கியம். கோடையிலும் இலையுதிர் காலத்தின் தொடக்கத்திலும் டம்பெல்லுக்கு முழு இடம் கொடுக்கலாம். கனமாக, குறைந்த எண்ணிக்கையில், ஓய்வு விட்டு. அக்டோபர் வந்ததும் கம்பியில் தொங்குவதும் சுமையோடு படியேறுவதும் முன்னுக்கு வர வேண்டும். முன்பற்களில் நிற்கும் பாவனையில், குதிகாலைத் தாழ்த்திப் படியின் விளிம்பில் நெடுநேரம் நிற்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். பனி இறுகத் தொடங்கிய பிறகு டம்பெல்லுக்கு வாரம் இரண்டு குறுகிய அமர்வுகள் போதும்: தள்ளும் பயிற்சியும் மணிக்கட்டுப் பயிற்சியும் மட்டும். ஏறப் போகும் வாரத்தில் வியாழனன்று எதையும் தூக்க வேண்டாம்.