தேதி தவறிய கணிப்பு

உலக அரசியலைக் கணிக்கிற புத்தகங்களை நாம் ஜாதகம் பார்க்கிற மாதிரிதான் வாசிக்கிறோம். சொன்னது நடந்ததா, இல்லையா? அவ்வளவுதான். இந்த அளவுகோலில் ஆந்த்ரேய் அமல்ரிக்கின் ‘1984 வரை சோவியத் யூனியன் நீடிக்குமா?’ தேறவே தேறாது. 1984 வந்தது, போனது. சோவியத் யூனியன் அப்படியே இருந்தது. ஆனாலும் எனக்கு அது முக்கியமான நூல்.

அமல்ரிக் அதை எழுதியது 1969இல். அந்த மார்ச்சில்தான் உசூரி ஆற்றுத் தீவில் சோவியத், சீனப் படைகள் மோதிக்கொண்டன. அவர் மாஸ்கோ பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்ட வரலாற்று மாணவர், சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டுத் திரும்பியவர். ரகசிய ஆவணம் எதுவும் கையில் கிடையாது. சீனாவோடு பெரும்போர் வரும், ஆட்சி குலையும், பால்டிக், காகசஸ், உக்ரைன் எல்லாம் பிரிந்துபோகும் என்றார்.

போர் வரவில்லை. ஆனால் 1991 டிசம்பரில் பேரரசு உடைந்தபோது, கிட்டத்தட்ட அவர் காட்டிய விரிசல்கள் வழியாகத்தான் உடைந்தது. அது எப்படி? அமல்ரிக் ஏவுகணைகளை எண்ணவில்லை, மனுஷங்களைப் பார்த்தார். மாறப் பயப்படும் அதிகார வர்க்கம். அடுத்தவன் என்னைவிட நன்றாக வாழக் கூடாது என்பதையே நீதியாக நினைக்கும் சமூகம். ஆட்சி மெல்ல இளகுகிறது என்று மேற்கில் பலர் நம்பியபோது, அது இளக்கம் இல்லை, மூப்பு என்றார். நூலின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

பலவீனமும் இருக்கு. எல்லைச் சண்டையின் சூட்டை அப்படியே எதிர்காலத்துக்கு இழுத்துவிட்டார். இன்று தைவான் பற்றி வரும் பல கணிப்புகளிலும் இதே நோய்தான்: நேற்றைய தலைப்புச்செய்தியே நாளைய உலகப்போர். இன்னொன்று, உள்ளிருந்தே ஒரு கோர்பச்சேவ் வருவார் என்பதற்கு அவர் தீட்டிய சித்திரத்தில் இடமே இல்லை.

ஃபிலிப் டெட்லாக் 284 நிபுணர்களின் கணிப்புகளைப் பல வருஷம் சேகரித்து, 2005இல் ஒரு நூல் எழுதினார். ஒரே பெரிய தத்துவத்தால் எல்லாவற்றையும் விளக்குகிறவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள், பலதையும் பார்த்துத் தயங்கிச் சொல்கிறவர்கள் பரவாயில்லை என்றார். பயனுள்ள ஆய்வு, மறுக்கவில்லை. ஆனால் அந்த மாதிரி மதிப்பெண் போட்டால் அமல்ரிக்குக்கு முட்டைதான். ‘எப்போது உடையும்’ என்பதற்கு மார்க் உண்டு. ‘எந்த இடத்தில், ஏன்’ என்பதற்கு யார் போடுவது?

நூல் வெளிநாட்டில் வெளியானதும் 1970இல் அமல்ரிக் கைதானார். மூன்று வருஷம் முகாம், பிறகு மகதானில் நாடுகடத்தல். 1976இல் நாட்டைவிட்டு வெளியேறினார். 1980 நவம்பரில், மாட்ரிட் மாநாட்டுக்குப் போகும் வழியில் கார் விபத்தில் இறந்தார். அவர் 1984ஐயும் பார்க்கவில்லை, 1991ஐயும் பார்க்கவில்லை.

இப்போது யூடியூபில் வாரம் ஒரு உலகப்போர் வெடிக்கிறது. வெடிக்காவிட்டால் சொன்னவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை, அடுத்த வாரம் அடுத்த போர். அதனால் ஒரு கணிப்பை வாசிக்கும்போது நான் தேதியைக் கடைசியில்தான் பார்க்கிறேன். சொல்கிறவர் யாரைப் பார்த்துச் சொல்கிறார், அதைச் சொல்ல அவர் என்ன விலை கொடுத்தார் என்பதுதான் முதல் கேள்வி.