பரிசை மறுத்த கலைஞன்

இலண்டன் மாநகர். 2023ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள். சோனி உலக ஒளிப்பட விருது விழா. மேடை ஏறுகிறார் ஜெர்மன் கலைஞர் போரிஸ் எல்டாக்சன். பரிசைப் பெற்றுக்கொள்ள அல்ல, வேண்டாமென்று மறுக்க!

வென்ற படத்தின் பெயர் 'போலி நினைவு: மின்பணியாளர்'. கறுப்பு வெள்ளையில், 1940களின் சாயலில் அமைந்தது. முதியவள் ஒருத்தி இளையவளின் பின்னே ஒண்டி நிற்கிறாள். எவருடையதென விளங்காத கையொன்று இளையவளைத் தொடுகிறது. நெஞ்சைத் தைக்கும் படந்தான், ஐயமில்லை. ஆனால் அவ்விரு மங்கையரும் பிறந்ததே இல்லை! டால்-ஈ 2 எனும் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் சொல்லிச் சொல்லி, திருத்தித் திருத்தி, எல்டாக்சன் உண்டாக்கிய உருவங்கள் அவை. இத்தகைய படங்களை எதிர்கொள்ளப் போட்டிகள் ஆயத்தமா எனச் சோதிக்கவே அனுப்பியதாக அவர் அறிவித்தார். நடத்தியோரோ, கருவியின் துணை உண்டென்பதை முன்னரே அறிவோம் என்றனர். அறிந்தும் ஒளிப்படமென்றே பரிசளித்தனராம்! அறியாமை என்றால் மன்னிக்கலாம், இதை என்னென்பது?

இயந்திரத்தைக் கண்டதும் "கலை மாண்டது" என ஒப்பாரி வைக்கும் கூட்டத்தில் நாமில்லை. "ஒளிப்படம் என்றைக்கு உண்மை பேசிற்று?" எனக் கேட்பாரும் உளர். கேட்கட்டும். 1857இலேயே ரெய்லாண்டர் என்பார் முப்பதுக்கும் மேற்பட்ட நெகடிவ்களை இணைத்து 'வாழ்வின் இரு வழிகள்' எனும் ஒரே படத்தைச் சமைத்தார். ஒட்டுவேலைதான். ஆயினும் அதன் ஒவ்வொரு துண்டிலும் யாரோ ஒருவர், ஏதோ ஒரு நாளில், ஒளியின் முன் நின்றிருக்கிறார். 'மின்பணியாளர்' படத்தில் நின்றவர் யார்? நாள் எது? இடம் எது? அங்கே ஒளியே இல்லையே! கற்பனை உண்டு, கைத்திறன் உண்டு. ஓவியத்தின் தங்கை என்க, வேறு பெயர் சூட்டுக. இரண்டையும் ஒரே பந்தயத்தில் ஓடவிடாதீர் என்றே எல்டாக்சனும் கேட்டார்.

இன்னொன்றும் உண்டு, அதுவே நம்மை உறுத்துவது. இக்கருவிகள் எங்கே பாடம் படித்தன? வெயிலிலும் மழையிலும் நின்று மாந்தர் எடுத்த கோடிக்கணக்கான படங்களில்! அவர்களுள் எத்தனை பேரிடம் இசைவு கேட்டனர்? எத்தனை பேருக்குக் கூலி தந்தனர்? கெட்டி இமேஜஸ் எனும் பெருநிறுவனம் ஸ்டெபிலிட்டி நிறுவனத்தின்மீது 2023இல் இலண்டனில் வழக்குத் தொடுத்தது. 2025 நவம்பரில் வந்த தீர்ப்பில் பெரும்பகுதி தோற்றது. பணமும் வழக்கறிஞர் படையும் உடையோர்க்கே இக்கதி என்றால், தோளில் ஒரே கேமராவுடன் திரியும் தனியாள் எந்த மன்றத்தின் கதவைத் தட்டுவான்?

2024இல் கதை தலைகீழாயிற்று. '1839 விருதுகள்' எனும் போட்டியில் செயற்கை நுண்ணறிவுப் படங்களுக்கெனத் தனிப் பிரிவு. அதில் மைல்ஸ் ஆஸ்ட்ரே என்பவர் தலையற்றதாகத் தோன்றும் பூநாரையின் படத்தை நுழைத்தார். நடுவர் மூன்றாம் இடம் தந்தனர். மக்கள் வாக்கும் அதற்கே! பின்னர் அவரே வாய்திறந்தார்: அஃது உண்மையான ஒளிப்படம். படம் போட்டியினின்று நீக்கப்பட்டது. அரூபாத் தீவின் கடற்கரையில் அப்பறவை தலையைத் தாழ்த்தி வயிற்றைச் சொறிந்துகொண்டிருந்தது, அவ்வளவே.